சீலமும் கவசமும்



சென்ற பௌர்ணமி உபோசதத்தன்று, திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்து மக்கள் கலைந்து செல்லும் வேளையில், இளைஞர் ஒருவர் எம்மை அணுகினார். அவர் நம் சங்கத்துக் குடும்பமொன்றில் பிறந்தவர். காவற்படைக்குத் தேர்வு பெற்று, பயிற்சிப் பள்ளியிலிருந்து விடுப்பில் வந்திருந்தவர். சற்றுத் தயங்கி நின்று, தாழ்ந்த குரலில் அவர் கேட்டதாவது:

“ஐயா! எங்கள் பயிற்சிப் பள்ளியில் எச்.ஐ.வி. தடுப்பைப் பற்றி வகுப்பு நடத்தினார்கள். ஆணுறையைப் பயன்படுத்தும் முறையைக் காட்டினார்கள். வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பெட்டியில் வைத்தும் இருந்தார்கள். நானோ மூன்றாம் சீலத்தை ஏற்றவன். அந்த வகுப்பில் அமர்ந்து கேட்டது பிழையா? அதை நடத்தியவர்கள் செய்தது தருமமா, அதருமமா?”

கேள்வி சிறிது, பொருள் பெரிது. அன்று நாம் அவருக்கு உடனே விடை கூறவில்லை. “அடுத்த பௌர்ணமிக்குள் நம் பத்திரிகையில் எழுதுகிறோம், தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். விடை தெரியாததனால் மட்டும் அவ்வாறு செய்தோமில்லை. இதே பொருளைப் பற்றி முன்னொரு காலத்தில் நாம் விரைந்து கூறிய ஒரு சொல் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதை அறிந்தவராதலின், இம்முறை நிதானித்தோம். அதனைப் பின்னர் உரைப்போம்.

நோயும் சீருடையும்

எச்.ஐ.வி. என்பது மனித உடலின் எதிர்ப்பாற்றலைச் சிறிது சிறிதாக அழிக்கும் கிருமி. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமி கலந்த இரத்தம், ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றவர் பயன்படுத்துதல், தாயிடமிருந்து சேய்க்குச் செல்லுதல் ஆகிய வழிகளிலேதான் அது பரவுகிறது. கைகுலுக்குவதாலோ, ஒரே பாத்திரத்தில் உண்பதாலோ, ஒரே கூரையின் கீழ்ப் படுப்பதாலோ, கொசுக்கடியாலோ அது பரவாது. நம் நாட்டில் இக்கிருமி முதன்முதலாக 1986ஆம் ஆண்டில் சென்னையிலே கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவர்தம் மாணவியான டாக்டர் நிர்மலா அவர்களும் அதனைக் கண்டறிந்தவர்கள்.

படைவீரர், காவலர், சிறைக் காவலர் முதலிய சீருடைப் பணியாளர்க்கென்று தனியே தடுப்புத் திட்டம் எதற்கு? அவர்கள் மற்றவரினும் தீயவர் என்பதனாலன்று. பதினெட்டு, இருபது வயதில் ஓர் இளைஞனைத் தாய் தந்தையரிடமிருந்து பிரித்து, அறிமுகமில்லாத ஊரில், ஆடவர் மட்டுமே வாழும் பாசறையில் வைக்கிறோம். கையில் முதன்முதலாகச் சம்பளப் பணம் வருகிறது. அச்சமின்மையே ஆண்மை என்று காலை முதல் மாலை வரை கற்பிக்கிறோம். மாலையில் விடுப்புக் கிடைத்தால், தோழர்கள் செல்லும் வழியிலே அவனும் செல்கிறான். செல்லாதவனைக் கேலி செய்கிறார்கள். இடையில் மதுவும் சேர்கிறது. இவ்வளவையும் நாமே அமைத்துக் கொடுத்துவிட்டு, அவன் விழுந்தபின் “ஒழுக்கமற்றவன்” என்று மட்டும் சொல்வது நேர்மையாகாது.

ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு 1998இல் வெளியிட்ட கணிப்பின்படி, அமைதிக் காலத்திலேயே பால்வினை நோய்கள் படையினரிடையே பொதுமக்களைவிட 2 முதல் 5 மடங்கு வரை மிகுதியாயிருந்தன. 2000ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பாதுகாப்பு அவை 1308 என்னும் எண்ணுள்ள தீர்மானத்தை இயற்றி, பிற நாடுகளில் அமைதி காக்கச் செல்லும் படையினர்க்கு இத்தடுப்புக் கல்வி வேண்டுமென வலியுறுத்தியது. அதன்பின் அப்படையினர் கையில் ஒரு சிறு அட்டை கொடுக்கப்பட்டது. நோயைப் பற்றிய குறிப்புகள் அதில் அச்சிடப்பட்டிருந்தன. ஆணுறை ஒன்றை வைக்க ஓர் உறையும் இருந்தது. போதனையும் கவசமும் ஒரே அட்டையில்! நம் இளைஞர் கண்ட பெட்டி தனித்த புதுமையன்று; உலகெங்கும் நடைபெறும் ஒரு முயற்சியின் பகுதியே.

எதிர்வாதமும் ஆலை அனுபவமும்

இம்முயற்சியை மறுப்போர் கூறும் காரணம் இது: “ஆணுறையைக் கையில் கொடுத்தால், ‘போ, பயமில்லை’ என்று அனுமதி கொடுத்ததாகாதா? அச்சம் ஒன்றே பலரைத் தடுத்து நிறுத்துகிறது. அவ்வச்சத்தையும் நீக்கிவிட்டால் ஒழுக்கம் எங்கே நிற்கும்?”

இதனை ஏளனம் செய்து தள்ளிவிடலாகாது. நல்லெண்ணமுள்ள பலர் இவ்வாறு எண்ணுகின்றனர், நாமும் எண்ணியவர்களே. ஆயினும் இந்த வாதத்தை வேறோர் இடத்தில் வேறொரு வடிவில் நாம் முன்பே கேட்டதுண்டு.

இளமையில் நாம் ஒரு பஞ்சாலையில் வேலை செய்தோம். கார்டிங் பகுதியில் பெல்ட் ஓடும் பக்கத்துக்கு இரும்பு வலைத் தடுப்பு இல்லாத இயந்திரங்கள் சில இருந்தன. தடுப்பு வேண்டுமென்று தொழிலாளர் கேட்டபோது, மேலாளர் ஒருவர் சொன்னார்: “தடுப்பு வைத்தால் ஆட்களுக்குக் கவனம் குறைந்துவிடும். பயம் இருந்தால்தான் கையை எட்ட வைத்துக்கொள்வார்கள்.” சில மாதங்களில், இரவு ஷிப்டில் ஒரு தோழரின் இரண்டு விரல்கள் போயின. அவர் அலட்சியக்காரர் அல்லர். முதல் ஷிப்டையும் பார்த்துவிட்டு, வராதவர் ஒருவருக்காக இரண்டாம் ஷிப்டும் நின்றவர். கண் ஒரு கணம் அயர்ந்தது, அவ்வளவுதான். அதன்பின் தடுப்பு வந்தது. தடுப்பு வந்துவிட்டதென்று எவரும் வேண்டுமென்றே கையை உள்ளே விட்டதை நாம் கண்டதில்லை.

அச்சம் விழித்திருப்பவனைத்தான் காக்கும். அயர்ந்தவனைக் காப்பது தடுப்பு. மனிதன் எப்போதும் விழித்திருப்பான் என்று கருதிச் சட்டம் செய்கிறவன் மனிதனை அறியாதவன்.

“உவமை பொருந்தாது, ஆலையில் கை வைப்பது பிழைப்புக்காக, பாசறையை விட்டு அங்கே செல்வது இச்சையினால். பிழைப்புக்குத் தடுப்பு வைக்கலாம், இச்சைக்குத் தடுப்பு வைத்தால் இச்சை வளருமே” என்று வாசகர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இதற்கு விடை தர்க்கத்தில் இல்லை. நடந்த நிகழ்ச்சியிலே இருக்கிறது. வந்து கண்டு ஆராய்ந்து ஏற்றுக்கொள் என்பதன்றோ நம் தம்மத்தின் முறை? ஆகவே இதனைச் செய்து பார்த்த நாடு ஒன்றைக் காண்போம். அது புத்த சமயத்தவர் பெரும்பான்மையாய் வாழும் நாடு என்பதனால் நமக்கு அது மேலும் பயன்படும்.

சயாம் நாட்டின் பாடம்

நம் முன்னோர் சயாம் என்றழைத்த தாய்லாந்தில், இருபத்தொரு வயதடைந்த ஆடவர் படைச்சேவைக்கு அழைக்கப்படுகின்றனர். போதிய தொண்டர் முன்வராவிடில், சீட்டெடுத்தல் நடைபெறும். சிவப்புச் சீட்டு எடுத்தவன் படைக்குச் செல்வான். கறுப்புச் சீட்டு எடுத்தவன் வீட்டுக்குத் திரும்புவான். உழவர் மகனும் தொழிலாளி மகனும் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வருவதனால், அப்படையின் இரத்தத்தைச் சோதித்தால் நாட்டின் நிலை தெரியும். 1989ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டுப் படை, புதிதாக வருவோர் அனைவரையும் சோதிக்கத் தொடங்கியது. முதற் சோதனையில் 200 பேருக்கு ஒருவரிடம் எச்.ஐ.வி. காணப்பட்டது. 1993இல் அது 100 பேருக்கு ஏறத்தாழ நால்வர் என்றாயிற்று. வடக்கு மாநிலங்களிலோ 1991 முதல் 1993 வரை 100க்கு 10 முதல் 12 பேர் வரை கிருமியுடன் வந்தனர். இருபத்தொரு வயதுப் பிள்ளைகள்! எட்டுப் பேர் வரிசையில் நின்றால் அவருள் ஒருவர் என்று சொல்லுமளவுக்கு அந்நோய் பரவியிருந்தது.

அந்நாட்டில் விகாரைகளுக்குக் குறைவில்லை; பஞ்சசீலம் ஓதாத ஊரில்லை. சிறிது காலமேனும் துவராடை அணிந்து பிக்குவாக வாழ்தல் அந்நாட்டு ஆடவரின் நெடுநாள் வழக்கம். அவ்வாறிருந்தும் நோய் வந்தது. சீலத்தை ஓதுதல் வேறு, சீலத்தில் பயிலுதல் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

டாக்டர் விவாட் ரோஜனபித்யாகோர்ன் என்பார் 1989இல் ராட்சபுரி மாநிலத்தில் ஒரு முறையைத் தொடங்கினார். அம்மாநிலத்தின் விலைமகளிர் விடுதிகள் அனைத்திலும் ஒரே நாளிலிருந்து ஒரே விதி: ஆணுறையின்றி எவருக்கும் இடமில்லை. ஒரு விடுதியில் மறுக்கப்பட்டவன் மற்றொரு விடுதிக்குப் போய்ப் பயனில்லை. இது 100 சதவீத ஆணுறைத் திட்டம் எனப்பட்டது. 1991இல் பிரதமர் ஆனந்த் பன்யாரச்சூன் அவர்கள் தேசிய எய்ட்ஸ் குழுவுக்குத் தாமே தலைமை ஏற்றார். அமைச்சராயிருந்த மேச்சாய் வீரவைத்யா அவர்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஓயாது பேசச் செய்தார். திட்டம் நாடெங்கும் பரவியது. படை முகாம்களிலும் கல்வி தொடங்கியது.

வடக்கில் ஒரு முயற்சியில், ஒரே பாசறையில் வாழும் இளைஞரைச் சிறு குழுக்களாக அமர்த்தி, பல மாதங்கள் தொடர்ந்து பேச வைத்தனர். மதுவைக் குறைத்தல், விடுதிக்குச் செல்லாதிருத்தல், தோழர் அழைக்கும்போது மறுக்கும் முறை, சென்றால் காத்துக்கொள்ளும் முறை ஆகிய நான்கும் அங்கே பேசப்பட்டன. அவ்வாறு பயின்றவரிடையே புதிதாகத் தோன்றிய பால்வினை நோய்கள், பயிலாதவரிடையே தோன்றியவற்றில் ஏழில் ஒரு பங்காக இருந்தன.

இனி நம் எதிர்வாதத்துக்கு விடை தரும் எண்களைப் பாருங்கள். வடக்கு மாநிலங்களிலிருந்து 1991இல் படைக்கு வந்தவருள் 100க்கு 57 பேர், அதற்கு முந்திய ஓராண்டில் விலைமகளிர் விடுதிக்குச் சென்றவர்கள். 1995இல் அத்தொகை 24ஆகக் குறைந்தது. சென்றவருள் ஆணுறை பயன்படுத்தியோர் 1991இல் 100க்கு 61 பேர்; 1995இல் 92க்கு மேல். கிருமியுடன் வந்தவர் தொகை 1995இல் 100க்கு 7 என்ற அளவுக்கு இறங்கியது. நாடு முழுவதையும் கொண்டு பார்த்தால், இந்நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளுக்குள் புதிய படையினருள் 100க்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது.

அன்பர்களே, இதனை மீண்டும் ஒருமுறை நோக்குங்கள். ஆணுறையைக் கொடுத்தால் தீயொழுக்கம் பெருகும் என்றார்கள். ஆணுறை பெருகிய அதே ஆண்டுகளில், அங்கே செல்வோர் தொகை பாதிக்கும் கீழே குறைந்தது. ஏன்? எவனும் இதுவரை அந்த இளைஞனிடம் நேருக்கு நேர் பேசியதில்லை. கவசத்தைக் கையில் கொடுக்கும்போதுதான் முதன்முதலாக அவனோடு பேச்சுத் தொடங்கிற்று. “உன் உயிர் எங்களுக்கு வேண்டும்” என்று ஒருவர் சொல்லக் கேட்டவன், தன் உயிரைத் தானும் மதிக்கத் தொடங்குகிறான். அச்சமும் ஒரு பங்கு செய்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கவசம் அச்சத்தைக் கெடுத்து ஒழுக்கத்தை அழித்துவிடும் என்ற வாதம் அங்கே பொய்யாயிற்று.

சீலம் ஒரு பயிற்சி

இப்போது மூன்றாம் சீலத்துக்கு வருவோம். நாம் ஓதும் சீலங்கள் ஐந்தும் கடவுள் இட்ட கட்டளைகள் அல்ல. அவற்றைப் பாலி மொழியில் சிக்கபதம் என்கிறோம். சிக்கை என்றால் பயிற்சி. “இத்தீமையினின்று விலகும் பயிற்சியை ஏற்கிறேன்” என்றே ஒவ்வொரு நாளும் உறுதி கூறுகிறோம். பயிற்சி என்ற சொல்லின் பொருளைச் சீருடையாளரைவிட நன்கு அறிந்தவர் யார்? முதல் நாள் அணிவகுப்பில் காலை மாற்றி வைத்தவனைப் பள்ளி வெளியே தள்ளுவதில்லை. மறுநாளும் நிற்க வைக்கிறது. பயிற்சிக்கு இன்றியமையாத முதற் பொருள் ஒன்றுண்டு. பயில்பவன் உயிரோடிருக்க வேண்டும்.

ஐந்து சீலங்களில் உயிர்க்கொலை தவிர்த்தல் முதலில் வைக்கப்பட்டிருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றாவதில் தவறியவன், காத்துக்கொள்ளாமையினால் முதலாவதிலும் தவறுகிறான். விடுப்பில் ஊருக்கு வந்து, ஏதுமறியாத மனைவிக்கு அந்நோயைக் கொடுத்துவிட்டால், அவன் தவறு இரண்டாகிறது. ஒருவன் ஒரு தவறு செய்வதைத் தடுக்க முடியாதபோது, அவன் இரண்டாம் தவறும் செய்யாதபடி தடுப்பது அதருமமாகுமா? அவன் தவறாததுபோல் நடித்து, அறிய வேண்டியதை அறிவிக்காமல் விடுவதே அதருமம் என்பது நம் முடிவு.

பகவான் கூறிய அம்பின் உவமையை நீங்கள் அறிவீர்கள். நஞ்சூட்டிய அம்பு தைத்தவன், “எய்தவன் யார், எக்குலத்தவன், நெட்டையா குட்டையா என்று தெரிந்த பின்னரே அம்பைப் பிடுங்க விடுவேன்” என்றால், தெரிந்துகொள்ளுமுன் மாண்டு போவான். இங்கே நாம் அவனினும் பேதையர் ஆகிறோம். அம்பு தைத்தவன் கேட்கவில்லை; அருகே நிற்கும் நாமே, “எங்கே போய் அம்பு வாங்கினாய்?” என்று கேட்டுக்கொண்டு கையைக் கட்டி நிற்கிறோம்.

ஆயினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கவசம் மட்டும் போதும் என்று நினைப்பாரும் தவறுகின்றனர். ஆணுறை உடலைக் காக்கும். மற்றோர் உயிரைப் பொருளாய்க் கருதும் மனத்தை அது மாற்றாது. சயாம் நாட்டுத் திட்டத்திலும் அக்குறை இருந்தது. விதியைக் காக்கும் சுமை பெரிதும் அவ்விடுதிகளிலிருந்த பெண்கள் தலையிலே விழுந்தது. மருத்துவச் சோதனைக்கும் அதிகாரிகளின் பார்வைக்கும் உட்பட்டவர்கள் அவர்கள். வந்து போன ஆடவர் அல்லர். அப்பெண்களுள் பலர் வறுமையினால் வடக்கு மலையோரச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். வைசாலியின் கணிகையான அம்பபாலி அளித்த விருந்தை ஏற்ற பகவான், அதன்பின் லிச்சவி இளவரசர்கள் வந்து அழைத்தபோதும் அவ்விருந்தை மாற்றவில்லை. அவரைப் பின்பற்றுவோர் அப்பெண்களின் நலத்தைப் படைவீரன் நலத்துக்குக் கருவியாக மட்டும் கருதலாமா? பாசறை வகுப்பில் கற்பிக்க வேண்டியது கவசத்தின் பயன் மட்டுமன்று. எதிரேயிருப்பவளும் ஒரு தாயின் மகள் என்பதுமாகும்.

எம் பிழை

முன்னே சொன்ன வாக்கை இப்போது நிறைவேற்றுகிறோம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஆலை வேலையை விட்டுத் தம்மப் பணியில் இறங்கிய புதிதில், மூன்றாம் சீலத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு செய்தோம். கூட்டம் உற்சாகமாகக் கேட்டது. கேட்போர் முகத்தைக் கண்டு எமக்கும் உற்சாகம் மிகுந்தது. அவ்வேகத்தில், “எய்ட்ஸ் என்பது சீலம் கெட்டவர்க்கு அவரவர் வினை தந்த கூலி” என்று சொன்னோம். பலர் தலையசைத்தனர். கடைசி வரிசையில், விடுப்பில் வந்திருந்த படைவீரர் ஒருவர் தம் மனைவியோடு அமர்ந்திருந்தார். அதன்பின் அவ்விருவரும் மண்டபத்துக்கு வரவில்லை. நாமும் ஏனென்று கேட்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து அம்மையார் தனியே வந்தார். கணவர் மறைந்துவிட்டார் என்றார். பிறகு சொன்னார்:

“ஐயா, அன்றைக்கே அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. இரத்தம் சோதிக்கப் போகலாமா என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே வந்தாராம். நீங்கள் பேசியதைக் கேட்டபின் போகவில்லை. இரண்டு வருடம் எனக்கும் சொல்லவில்லை. இப்போது நானும் மருந்து சாப்பிடுகிறேன்.”

நாம் பேச்சற்று நின்றோம். அவர் கோபமாகவும் சொல்லவில்லை. “உங்கள்மேல் வருத்தம் சொல்ல வரவில்லை, ஐயா. இனி அப்படிப் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வந்தேன்” என்றார்.

அன்று நாம் செய்தது தம்மத்துக்கும் முரணானது என்பதைப் பின்னரே கற்றறிந்தோம். மோளிய சீவகர் என்னும் பரிவிராசகர், மனிதன் அடையும் துன்பமெல்லாம் முன்வினையால் வருவதா என்று கேட்டபோது, பகவான் அதனை மறுத்தார். பித்தம், வாதம், கபம், பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் செய்யும் தீங்கு எனப் பல காரணங்களை எடுத்துரைத்து, எல்லாவற்றையும் வினைமேல் ஏற்றுவோர் உலகம் கண்டறிந்ததையும் கடந்து பேசுகின்றனர் என்றார். பிறப்பினால் வந்த இழிவை “முன்வினை” என்று சொல்லிச் சொல்லியே நம் மக்களை ஆயிரமாண்டு அடக்கி வைத்தார்கள். அச்சொல்லின் கொடுமையை அறிந்த நாமே அதனை எடுத்து ஒரு நோயாளிமேல் எறிந்தோமே!

நோய் வந்தது கொண்டு ஒருவன் ஒழுக்கத்தை அளக்க முடியாது என்பதற்கு நம் நாட்டுப் படையிலேயே சான்றுண்டு. 2002ஆம் ஆண்டில் எல்லையில் பணியாற்றிய விமானப்படை வீரர் ஒருவர் நோயுற்று, இராணுவ மருத்துவமனையில் இரத்தம் ஏற்றப்பெற்றார். 2014இல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. நெடிய வழக்குக்குப் பின் 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இரத்தம் ஏற்றியதில் நேர்ந்த குறைக்குப் படைத்துறையே பொறுப்பென்று கூறி, 1 கோடியே 54 லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு வழங்கப் பணித்தது. அவரைக் கண்டு எம் பழைய சொற்பொழிவை எவர் நிகழ்த்த முடியும்?

தனிக் குவளை

நோயுற்ற சீருடையாளருக்குச் சமூகம் செய்ய வேண்டியது யாது? பாசறையில் ஒருவனுக்கு நோய் என்று தெரிந்தவுடன் அவன் தட்டைத் தனியே வைப்பதும், குவளையைத் தனியே வைப்பதும் பல இடங்களில் நடந்திருக்கின்றன. தனிக் குவளை! தேநீர்க் கடையில் அதனை ஏந்திக் குடித்த தந்தையரின் மக்கள் நாம். அதன் கசப்பை நம்மைவிட அறிந்தவர் யார்? மற்றவர் செய்யினும் நாம் செய்யலாகாது.

1990களின் பிற்பகுதியில் சயாம் நாட்டின் சியாங் மாய் நகரில் சங்க மெத்தா என்னும் பணி தொடங்கிற்று. இதில் பயிற்சி பெற்ற பிக்குகள், நோயுற்றோர் தம் கையால் சமைத்து இட்ட உணவைப் பிச்சையாக ஏற்று, ஊரார் காண உண்டனர். நூறு சொற்பொழிவு செய்யாததை அந்த ஒரு கவளம் செய்தது. வயிற்றுக் கழிச்சலால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவை, ஆனந்தரோடு தாமே நீராட்டிக் கட்டிலில் கிடத்திய ததாகதர் காட்டிய வழி அதுவேயன்றோ?

சட்டமும் இன்று துணை நிற்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், இந்நோய் ஒன்றையே காட்டி ஒருவரை வேலையினின்று நீக்குவதைத் தடுக்கிறது. அவர் அப்பணிக்குத் தகுதியற்றவர், அல்லது பிறருக்கு அவரால் பெரிதும் நோய் பரவ இடமுண்டு என்று, சார்பற்ற மருத்துவர் எழுத்து மூலம் மதிப்பீடு தர வேண்டும். ஒருவர் இசைவின்றி அவரது நோயை வெளியிடுவதையும் அச்சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. 2004 ஏப்ரல் முதல் நம் நாட்டில் கூட்டு மருந்து அரசினால் இலவசமாக அளிக்கப்படுகிறது. அதனைத் தவறாது உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நிற்குமாயின், உடலுறவினால் அவரிடமிருந்து பிறருக்கு நோய் பரவுவதில்லை என்பதை மருத்துவ உலகம் ஐயமற நிறுவியுள்ளது. ஆகவே காலத்தில் சோதித்துக்கொள்வதே காப்பு. சோதனைக்கு வராமல் தடுப்பது நாணம். அந்நாணத்தை வளர்ப்பது நம்மைப் போன்றோர் நாவு.

காவலர்க்கு மற்றொரு கடமை

நம் இளைஞர் காவலர் ஆகப் போகிறவர். ஆதலின் அவருக்கென்று இரண்டு செய்திகளைத் தனியே சொல்ல வேண்டும். ஒன்று அவர் உடலைப் பற்றியது. விபத்தில் அடிபட்டவரைத் தூக்கும்போதும், குற்றவாளியின் சட்டைப் பையைச் சோதிக்கும்போதும், இரத்தமோ ஊசியோ அவர் கையில் படலாம். கையுறை அணிய வேண்டும். ஊசி குத்திவிட்டால், அவ்விடத்தைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தடுப்பு மருந்தை இயன்றவரை சில மணி நேரத்துக்குள்ளும், எவ்வாறாயினும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்கி, 28 நாட்கள் உண்ண வேண்டும். இதனை மறைத்து வைப்பது வீரமன்று.

மற்றொன்று அவர் அதிகாரத்தைப் பற்றியது. தெருவில் நிற்கும் ஒரு பெண்ணின் பையில் ஆணுறை இருந்ததையே குற்றத்துக்குச் சாட்சியாகக் கொண்டு பிடித்துச் சென்ற காவலர்கள் நம் நாட்டிலும் இருந்திருக்கின்றனர். தடுப்புப் பணி செய்யும் தொண்டர்களை அடித்து விரட்டியதும் உண்டு. அவ்வாறு செய்தால் அப்பெண் மறுநாள் கவசமின்றியே நிற்பாள். தொண்டர் அவளிடம் வரமாட்டார். சட்டத்தின் கை ஒன்று கொடுத்ததை மற்றொரு கை பறித்ததாகும். ஆகவே காவலர்க்கான இவ்வகுப்பு அவர்தம் உயிரை மட்டும் காப்பதன்று. அவர் கையால் பிறர் உயிர் கெடாமலும் காப்பது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றிய மணிமேகலையின் மரபில் வந்தோமென்று பெருமை பேசும் நமக்கு, காவல் நிலையமும் பாசறையும் அறத்துக்கு அப்பாற்பட்ட இடங்கள் அல்ல.

தம்பிக்கு விடை

தம்பி! அந்த வகுப்பில் நீர் அமர்ந்தது பிழையன்று. கவனமாய்க் கேட்டிருந்தீராயின் நன்று. அதை நடத்தியவர் செய்தது தருமமே. பெட்டியிலிருந்து நீர் எடுக்கவில்லையாயின், உம் சீலம் உம்மைக் காக்கிறது, மகிழ்கிறோம். ஆனால் எடுத்தவனைப் பார்த்து நகையாதீர். அவன் உம் தோழன். அவனுக்கு ஏதேனும் ஐயம் வந்தால், மருத்துவரிடம் செல்ல அஞ்சினால், உம்மிடம் சொல்லத் துணியும்படி அவனோடு பழகும். அவனோடு சோதனைக்கூடம் வரை நடந்து செல்லும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அதற்கு நம்பிக்கை மையம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நல்ல பெயர். 1097 என்ற எண்ணில் தொலைபேசியிலும் ஆலோசனை கேட்கலாம்.

போருக்குச் செல்பவன் மார்புக் கவசம் அணிவதனால் போரை விரும்புகிறான் என்று எவரும் சொல்வதில்லை. வீடு திரும்ப விரும்புகிறான் என்றே சொல்கிறோம். அவன் வீடு திரும்பட்டும். திரும்பி வந்தபின், பௌர்ணமியன்று நம் மண்டபத்தின் கடைசி வரிசையில் வந்து அமரட்டும். அங்கே அவன் நாணித் தலைகுனிய ஒரு சொல்லும் இனி எம் வாயிலிருந்து வாராது. அந்த அம்மையாருக்கு அன்று நாம் கொடுத்த வாக்கு அது.

உயிர்கள் அனைத்தும் நோயின்றி வாழ்க! நோயுற்ற உயிர்கள் தனிமையின்றி வாழ்க!